சிக்கிம் – பதிவேட்டில் மிச்சமிருக்கும் ஒரு ராஜ்யம்

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்படும் வரை, பேருந்து நிலையத்துக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய சீட்டுகளில் சிக்கிம், பூட்டான் என்ற பெயர்களைப் பார்க்காதவர்கள் குறைவு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பலருக்கு இந்த இரண்டு பெயர்களும் அறிமுகமானதே லாட்டரி மூலம்தான். இரண்டும் இமயமலையில் அடுத்தடுத்து இருப்பவை. இரண்டையுமே ராஜாக்கள் ஆண்டார்கள். பூட்டான் இன்றும் தனி நாடாக, ராஜாவோடு இருக்கிறது. சிக்கிமோ 1975இல் இந்தியாவின் 22ஆவது மாநிலமாகச் சேர்ந்துவிட்டது.

வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்குச் சிக்கிம் வேறு ஒரு வழியிலும் அறிமுகம். "இந்தியாவில் வருமான வரி கட்ட வேண்டாத மாநிலம் எது?" என்பது வினாடி வினாக்களில் அடிக்கடி வரும் கேள்வி. சிக்கிம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. அங்கே எல்லோருக்கும் அந்தச் சலுகை கிடையாது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானித்தது ராஜா காலத்தில் எழுதப்பட்ட ஒரு பெயர்ப் பதிவேடு. ராஜா போய் அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பதிவேடு மட்டும் எப்படிப் பிழைத்திருக்கிறது? அதைப் புரிந்துகொள்ள அந்த ராஜ்யத்தின் மண்ணையும் அரசியலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமைவிடம்

சிக்கிமின் பரப்பளவு 7,096 சதுர கி.மீ. மாநிலங்களில் கோவாவுக்கு அடுத்தபடியாக மிகச் சிறியது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 6,10,577. இந்திய மாநிலங்களிலேயே இதுதான் குறைவு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பரப்பளவில் விருதுநகர் மாவட்டம் சிக்கிமைவிடச் சிறியது. ஆனால் அதே 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். அதாவது ஒரு மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை, நம் ஒரு மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தலைநகர் கேங்டாக்கின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். ராஜபாளையம் நகரம் அதைவிடப் பெரியது!

மேற்கே நேபாளம், வடக்கிலும் வடகிழக்கிலும் சீனாவின் திபெத், கிழக்கே பூட்டான், தெற்கே மேற்கு வங்காளம். மூன்று பக்கமும் வெளிநாடு, ஒரு பக்கம் மட்டும் இந்தியா. தெற்கே ரங்போ பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் தொடங்கும் நிலம், மேற்கு எல்லையில் 8,586 மீட்டர் உயரமுள்ள காஞ்சன்ஜங்காவில் போய் முடிகிறது. உலகின் மூன்றாவது உயரமான சிகரம் இது. சிக்கிம் மக்களுக்கு இது காவல் தெய்வம். 1955இல் முதன்முதலாக இதில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள்.

மாநிலத்தின் உயிர்நாடி தீஸ்தா ஆறு. வடக்கே பனி ஏரிகளில் பிறந்து, சிக்கிமை நடுவில் பிளந்துகொண்டு இறங்கி, வங்காளம் வழியாக வங்கதேசத்துக்குள் போய் பிரம்மபுத்திராவில் சேர்கிறது. சமவெளிக்குப் போகும் முக்கியச் சாலையும் இந்த ஆற்றை ஒட்டித்தான் போகிறது. மழைக்காலத்தில் மலை சரிந்து அந்தச் சாலை அடைபட்டால் அரிசி, பெட்ரோல், மருந்து எல்லாமே சிலிகுரியில் நின்றுவிடும்.

ராஜ்யம் பிறந்த கதை

சிக்கிமின் மூத்த குடிகள் லெப்சாக்கள். பிறகு திபெத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பூட்டியாக்கள். 1642இல் யுக்சோம் என்ற ஊரில் மூன்று பௌத்த லாமாக்கள் சேர்ந்து புன்ட்சோக் நம்கியால் என்பவருக்கு முடிசூட்டினார்கள் என்பது வரலாறு. சிக்கிம் மன்னர்களுக்குச் 'சோக்யால்' என்று பட்டம். தர்மத்தின்படி ஆள்பவர், அதாவது தர்மராஜா என்று பொருள். அவரில் தொடங்கி 1975 வரை நம்கியால் வம்சத்தில் 12 சோக்யால்கள் ஆண்டார்கள். தலைநகரம் யுக்சோமிலிருந்து ரப்தென்ட்சே, தும்லாங் என்று மாறி 1894இல் கேங்டாக்குக்கு வந்தது.

யுக்சோம் தமிழ் ரசிகர்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊரும் அல்ல. 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் ரஜினிக்கு எதிராக வரும் பேராசிரியர் போராவாக நடித்த டேனி டென்சோங்பா பிறந்த ஊர் அதுதான். பூட்டியாக்கள் தங்கள் நாட்டை 'டென்ஜோங்' என்பார்கள். நெல் விளையும் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். டென்சோங்பா என்றால் அந்த நாட்டுக்காரர். ஆக, 'சிக்கிம்காரர்' என்பதையே அவர் தன் பெயராக வைத்திருக்கிறார்.

டார்ஜிலிங் போனதும் நேபாளிகள் வந்ததும்

சின்ன ராஜ்யம், பெரிய அண்டை வீட்டுக்காரர்கள். இதுதான் சிக்கிமின் நிரந்தரப் பிரச்சனை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேபாள கூர்க்காக்கள் படையெடுத்து மேற்குப் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். நேபாளத்தைத் தோற்கடித்த கிழக்கிந்தியக் கம்பெனி 1817இல் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. கம்பெனியின் உதவி சும்மா கிடைக்குமா? 1835இல் டார்ஜிலிங் மலை கம்பெனியின் கைக்குப் போனது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 3,000 ரூபாயும் பிறகு 6,000 ரூபாயும் மன்னருக்குக் கொடுத்தார்கள். 1850இல் தெற்கேயுள்ள தராய் சமவெளியும் பறிபோனது. 1861இல் கையெழுத்தான தும்லாங் ஒப்பந்தத்துக்குப் பிறகு சிக்கிம் நடைமுறையில் பிரிட்டிஷாரின் பிடிக்குள் வந்துவிட்டது. 1889இல் ஜான் கிளாட் வைட் என்ற பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி கேங்டாக்கில் வந்து உட்கார்ந்தார்.

இந்தக் காலத்தில்தான் சிக்கிமின் முகமே மாறியது. காடும் மலையுமாகக் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்க்க நிலப்பிரபுக்களும் விரும்பினார்கள், பிரிட்டிஷாரும் விரும்பினார்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவிக்கத் தெரிந்த நேபாளிகள் பெருமளவில் வந்து குடியேறினார்கள். உழைத்தார்கள், வரி கட்டினார்கள், பெருகினார்கள். சில பத்தாண்டுகளில் அவர்களே பெரும்பான்மை ஆனார்கள். இன்று மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் நேபாளி மொழி பேசுபவர்கள்தான்.

லெப்சா, பூட்டியா மக்களுக்கு நிலம் கைமாறிவிடுமோ என்ற பயம் வந்தது. 1917இல் 'வருவாய் ஆணை எண் 1' என்று ஓர் உத்தரவு போடப்பட்டது. லெப்சா, பூட்டியாக்களின் நிலத்தை மற்றவர்கள் வாங்கவோ அடமானம் பிடிக்கவோ முடியாது. நூறு ஆண்டுகள் தாண்டியும் அந்த உத்தரவு நடைமுறையில் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

சிக்கிம்காரர் யார் என்ற கேள்வி இங்கேதான் முளைத்தது. முதலில் இருந்தவரா, ஆண்டவரா, உழைத்துப் பெருகியவரா?

1950 முதல் 1975 வரை

இந்தியா சுதந்திரம் அடைந்தபோது 500க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இணைந்தன. நம் புதுக்கோட்டை 1948லேயே சேர்ந்துவிட்டது. ராஜபாளையத்தைச் சுற்றியிருந்த சேத்தூர், சிவகிரி போன்ற ஜமீன்களும் 1948ஆம் ஆண்டுச் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தன. சிக்கிம் மட்டும் தனி வழியில் போனது. 1950 டிசம்பர் 5 அன்று செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மூன்றும் இந்தியாவிடம். உள்நாட்டு ஆட்சி மன்னரிடம். இந்தியாவின் பாதுகாப்பில் உள்ள ஒரு ராஜ்யம் என்று அதற்குப் பெயர்.

உள்நாட்டில் நிம்மதி இல்லை. 1947 டிசம்பரில் தொடங்கப்பட்ட சிக்கிம் ஸ்டேட் காங்கிரஸ் மூன்று கோரிக்கைகளை வைத்தது. நிலப்பிரபு முறை ஒழிய வேண்டும், மக்களாட்சி வர வேண்டும், இந்தியாவோடு இணைய வேண்டும். அரண்மனை கொடுத்தது வேறு ஏற்பாடு. 1953இல் அமைந்த ஆட்சி மன்றத்தில் எண்ணிக்கையில் பெரும்பான்மையான நேபாளிகளுக்கும், சிறுபான்மையான லெப்சா-பூட்டியாக்களுக்கும் சமமான இடங்கள். சிறுபான்மையினருக்கு இது பாதுகாப்பு. பெரும்பான்மையினருக்கோ இது ஓட்டின் மதிப்பைக் குறைக்கும் அநியாயம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் தீர்வு எளிதில் வரவில்லை.

1961இல் 'சிக்கிம் பிரஜைகள் ஒழுங்குமுறை' வந்தது. யார் சிக்கிமின் பிரஜை என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. பல தலைமுறைகளாகக் கேங்டாக்கில் கடை வைத்திருந்த மார்வாடி போன்ற இந்திய வியாபாரிகள் பலர் அதில் பெயர் சேர்க்கவில்லை. சிக்கிம் பிரஜையாக வேண்டுமென்றால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். சொந்த ஊரில் சொத்தும் சொந்தமும் இருப்பவர்கள் எப்படி விடுவார்கள்? அன்றைக்கு அது சரியான முடிவுதான். அதன் விலை அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது.

1963இல் கடைசிச் சோக்யாலான பால்டென் தொண்டுப் நம்கியால் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அவர் திருமணம் செய்துகொண்டது ஹோப் குக் என்ற அமெரிக்கப் பெண்ணை. சிக்கிமுக்கு உலக அரங்கில் தனி அடையாளம் வேண்டும் என்பது மன்னரின் ஆசை. டார்ஜிலிங் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்று 1966இல் ராணி ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுத, டெல்லியில் புருவங்கள் உயர்ந்தன. 1967இல் நாதுலாவிலும் சோலாவிலும் இந்திய, சீனப் படைகள் மோதிக்கொண்டன. சிக்கிமுக்குக் கீழேதான் வடகிழக்கு மாநிலங்களை இந்தியாவோடு இணைக்கும் சிலிகுரி வழி இருக்கிறது. சில இடங்களில் அதன் அகலம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தக் கழுத்துக்கு மேலே இருக்கும் ராஜ்யம் தனியாகப் போவதை எந்த இந்திய அரசு விரும்பும்?

1973 தேர்தலில் முறைகேடு என்று போராட்டம் வெடித்தது. மே 8 அன்று மன்னர், இந்திய அரசு, அரசியல் கட்சிகள் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். 1974 தேர்தலில் காஜி லெண்டுப் தோர்ஜியின் சிக்கிம் காங்கிரஸ் 32 இடங்களில் 31ஐ வென்றது. அரசியல் சாசனத்தின் 35ஆவது திருத்தம் மூலம் சிக்கிம் 'இணை மாநிலம்' ஆனது. 1975 ஏப்ரல் 9 அன்று இந்திய ராணுவம் அரண்மனைக் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்தது. அதில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். ஐந்தே நாளில், ஏப்ரல் 14 அன்று பொதுவாக்கெடுப்பு. மன்னராட்சியை ஒழித்து இந்தியாவோடு இணைய ஆதரவு 59,637, எதிர்ப்பு 1,496. 36ஆவது திருத்தத்தின் மூலம் சிக்கிம் மாநிலமானது. மே 16 அங்கே மாநில நாள்.

இதை எப்படிப் பார்ப்பது? நிலப்பிரபு ஆட்சியில் இருந்து மக்கள் விடுபட்டார்கள் என்பது ஒரு பார்வை. பெரும்பான்மை நேபாளிகளின் ஆதரவு உண்மையானது என்பதை மறுக்க முடியாது. ஒரு பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்கிவிட்டது என்பது இன்னொரு பார்வை. ராணுவம் தெருவில் நிற்கும்போது, ஒரு வாரம்கூட அவகாசம் இல்லாமல் நடக்கும் வாக்கெடுப்பைச் சுதந்திரமானது என்று சொல்வது கடினம். பின்னாளில் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாயே 1978இல் இணைப்பு நடந்த விதம் பற்றி வருத்தம் தெரிவித்தார். மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் சத்யஜித் ரே 1971இல் எடுத்த 'சிக்கிம்' ஆவணப்படத்தின் மீதான தடை 2010இல்தான் நீங்கியது. சோக்யால் 1982இல் நியூயார்க்கில் காலமானார். சீனா நடைமுறையில் இணைப்பை ஒப்புக்கொண்டது 2003-05 காலகட்டத்தில்தான்.

இன்றைய அரசியல் அமைப்பு

இணைப்பின்போது சிக்கிமுக்குக் கொடுக்கப்பட்ட உறுதி அரசியல் சாசனத்தின் 371எஃப் பிரிவு. அதன்படி ராஜ்யத்தில் இருந்த பழைய சட்டங்கள், நீக்கப்படும் வரை அல்லது மாற்றப்படும் வரை தொடரும். 1917ஆம் ஆண்டு நில உத்தரவு பிழைத்திருப்பது இதனால்தான்.

சட்டமன்றத்தில் 32 இடங்கள். அதில் 12 லெப்சா-பூட்டியாக்களுக்கு, 2 பட்டியல் சாதியினருக்கு. இன்னும் ஒன்று 'சங்கம்' என்ற தொகுதி. அதற்கு எல்லையே கிடையாது. பதிவு பெற்ற பௌத்த மடங்களின் துறவிகள் மட்டும் ஓட்டுப் போடுவார்கள், அவர்களில் ஒருவர்தான் போட்டியிட முடியும். இந்தியாவில் வேறெங்கும் இப்படி ஒரு தொகுதி இல்லை. இதை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் இந்த ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மக்களவைக்கு ஒருவர், மாநிலங்களவைக்கு ஒருவர். நான்காக இருந்த மாவட்டங்கள் 2021 முதல் ஆறு.

இன்னொரு விசித்திரம், சிக்கிம் மக்கள் ஓட்டுப் போட்டால் மொத்தமாகப் போடுவார்கள். 1989இலும் 2009இலும் ஒரே கட்சி 32க்கு 32 வென்றது. 1994 முதல் 2019 வரை பவன் குமார் சாம்லிங் தொடர்ந்து முதல்வர். 2019இல் பிரேம் சிங் தமாங் வந்தார். 2024இல் அவருடைய சிக்கிம் கிராந்திகாரி மோர்ச்சா பிடித்தது 31 இடங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காஜியின் கட்சி பிடித்ததும் அதே 31!

பொருளாதாரம்

தனிநபர் வருமானத்தில் இந்திய மாநிலங்களில் சிக்கிம் முன்னணியில் இருக்கிறது. சமீப ஆண்டுகளில் அது 5 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. வணிகவியல் மாணவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஓடுகிறது, அதன் முதலாளி சென்னையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி மதிப்பு ராஜபாளையத்தின் கணக்கில் வரும், லாபம் சென்னைக்குப் போகும். சிக்கிமிலும் அதுதான் நடக்கிறது.

2002இல் சிக்கிம் வடகிழக்கு மன்றத்தில் சேர்க்கப்பட்டது. 2007ஆம் ஆண்டு வடகிழக்குத் தொழில் கொள்கையில் கலால் வரி, வருமான வரிச் சலுகைகள் கிடைத்ததும் சிப்ளா, சன் பார்மா, ஜைடஸ் போன்ற மருந்து நிறுவனங்கள் அங்கே ஆலை அமைத்தன. இன்று மாநில உற்பத்தியில் மருந்தும் மின்சாரமும்தான் பெரிய பங்கு. இவற்றின் மதிப்பை ஆறு லட்சம் பேரால் வகுத்தால் சராசரி தானாக உயரும். மலைச்சரிவில் இஞ்சி போடும் விவசாயி வீட்டுக்கு அந்த 5 லட்சம் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. மாநில அரசின் வருவாயிலும் பெரும்பகுதி மத்திய அரசின் வரிப்பங்கும் மானியமும்தான்.

விவசாயத்தில் முக்கியப் பணப்பயிர் பெரிய ஏலக்காய். போடிநாயக்கனூரில் ஏலம் போகும் பச்சை ஏலக்காய் அல்ல இது. பிரியாணியில் போடும் கருப்பு ஏலக்காய். மர நிழலில், ஓடை ஓரங்களில் வளரும். இதில் இந்தியாவில் முதலிடம் சிக்கிமுக்குத்தான். இஞ்சி, ஆரஞ்சு, 1969இல் தொடங்கிய டெமி தேயிலைத் தோட்டம் ஆகியவையும் உண்டு. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் வேண்டாம் என்று 2003இல் முடிவெடுத்து, 2016 ஜனவரியில் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018இல் ஐ.நா. உணவு மற்றும் விவசாய அமைப்பு பங்கேற்று வழங்கும் தங்க விருதும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய சாதனை. ஆனாலும் அங்கே சாப்பிடும் அரிசியும் காய்கறியும் பெரும்பகுதி சிலிகுரியில் இருந்து லாரியில் ஏறி வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மின்சாரத்தின் கதை இன்னும் கசப்பானது. தீஸ்தாவில் அடுக்கடுக்காக அணைகள் திட்டமிடப்பட்டன. லெப்சாக்களின் புனித நிலமான ஜோங்குவில் இளைஞர்கள் 2007 முதல் தொடர் உண்ணாவிரதம் இருந்த பிறகு அங்கே நான்கு திட்டங்கள் கைவிடப்பட்டன. மற்றவை எழுந்தன. 2017இல் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 இயங்கத் தொடங்கியது. 2023 அக்டோபர் 4 அதிகாலை, தெற்கு லோனாக் என்ற பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த அந்த அணையை அடித்துக்கொண்டு போனது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலரைக் காணவில்லை. அணை ஓடியது வெறும் ஆறு ஆண்டுகள். அதை மீண்டும் கட்டலாம் என்று 2025இல் மத்திய அரசின் நிபுணர் குழு பரிந்துரைத்தபோது மறுபடியும் எதிர்ப்பு எழுந்தது.

எல்லை வணிகத்திலும் நம்பிக்கை வந்து வந்து போகிறது. 1962 போருக்குப் பின் மூடிய நாதுலா கணவாய் 2006 ஜூலை 6 அன்று திறந்தது. 2020 முதல் மீண்டும் வணிகம் நின்றது. 2025 ஆகஸ்டில் திறக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன.

அந்தப் பதிவேடும் வருமான வரியும்

இனி முதல் கேள்விக்கு வருவோம். ராஜ்யமாக இருந்தபோது சிக்கிமுக்கென்று 1948ஆம் ஆண்டின் தனி வருமான வரி விதிகள் இருந்தன. இணைந்த பிறகும் 371எஃப் பிரிவின் பலத்தில் அவையே தொடர்ந்தன. இந்திய வருமான வரிச் சட்டம் 1990இல்தான் அங்கே நீட்டிக்கப்பட்டது. மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 2008இல், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 10(26ஏஏஏ) என்ற உட்பிரிவு 1990 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியாகும் விதத்தில் சேர்க்கப்பட்டது.

அது சொன்னது இதுதான்: 'சிக்கிமியர்' ஆன ஒரு தனிநபர் சிக்கிமுக்குள் சம்பாதிக்கும் வருமானத்துக்கு வரி இல்லை. எங்கிருந்து வந்தாலும் ஈவுத்தொகைக்கும் கடன்பத்திர வட்டிக்கும் வரி இல்லை. அதே ஆள் பெங்களூரில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினால் வரி உண்டு. கம்பெனிகளுக்குச் சலுகை இல்லை. பரஸ்பர நிதி விண்ணப்பங்களில் பான் எண் கேட்கும் இடத்தில் சிக்கிம்வாசிகளுக்கு விலக்கு என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான். 1968இல் ராஜா காலத்தில் தொடங்கிய ஸ்டேட் பேங்க் ஆஃப் சிக்கிம்தான் இணைப்புக்குப் பிறகும் மாநில அரசின் கருவூல வேலையைச் செய்தது என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி.

சரி, 'சிக்கிமியர்' யார்? 1975 ஏப்ரல் 26 அன்று அந்த 1961ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள், பின்னர் அரசு உத்தரவால் சேர்க்கப்பட்டவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள். கேங்டாக்கின் எம்.ஜி. மார்க் கடைவீதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துணிக்கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே வியாபாரம், ஒரே லாபம். ஒரு கடைக்காரரின் தாத்தா பெயர் பதிவேட்டில் இருக்கிறது, வரி பூஜ்யம். அடுத்த கடைக்காரரின் தாத்தா அதே தெருவில் கடை வைத்திருந்தாலும் பெயர் எழுதவில்லை, முழு வரி. இன்னும் ஒன்று. பதிவேட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த பெண் 2008 ஏப்ரல் 1க்குப் பிறகு வெளியாரைக் கல்யாணம் செய்தால் சலுகை போய்விடும். ஆணுக்கு அந்த நிபந்தனை இல்லை.

விடுபட்டவர்கள் சில நூறு குடும்பங்கள்தான். வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்களுக்கான அந்த நிபந்தனை சமத்துவத்துக்கு எதிரானது, செல்லாது. 1975 ஏப்ரல் 26க்கு முன்பே குடியேறிய இந்தியர்களுக்கும் சலுகை உண்டு. கடைவீதியில் ஒரு பகுதியினர் மகிழ்ந்தார்கள்.

மாநிலமோ கொதித்தது. தீர்ப்பில் சிக்கிம் நேபாளிகளை அந்நிய வம்சாவளியினர் என்று குறிப்பிடும் ஒரு வாசகம் இருந்ததே காரணம். ஐந்து, ஆறு தலைமுறையாக அந்த மலையை வெட்டி நெல் விளைவித்தவர்கள், ராஜாவின் பதிவேட்டிலேயே பிரஜையாக எழுதப்பட்டவர்கள் அந்நியர்களா? தெருவில் இறங்கினார்கள். மாநில அமைச்சர் ஒருவரே பதவி விலகினார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தை நீக்கியது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 'சிக்கிமியர்' விளக்கத்தை விரிவாக்கியபோது வேறு கவலை பிறந்தது. இன்று வரிக்காக விரியும் விளக்கம், நாளை நிலத்துக்கும் வேலைக்கும் விரியாது என்று என்ன நிச்சயம்?

முடிவாக

வெளியில் இருந்து பார்த்தால் இது வரிச் சலுகைக்கான சண்டை போலத் தெரியும். வரி மிச்சமாகும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள் அங்கேயும் கொஞ்சம் பேர்தான். ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவருக்கு 10(26ஏஏஏ) இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவரும் ஏன் ஊர்வலத்தில் வந்தார்? மூன்று பக்கமும் வெளிநாடும், ஒரு பக்கம் 140 கோடி மக்களும் சூழ்ந்த இடத்தில் ஆறு லட்சம் பேருக்கு, "நீ இந்த ஊர்க்காரன்" என்று எழுதித் தந்த ஒரே அரசாங்கக் காகிதம் அந்தப் பதிவேடு.

லெப்சாவுக்கு அது நிலத்தைக் காப்பாற்றுகிறது. நேபாளிக்கு அது 'வந்தேறி' என்ற பேச்சுக்குப் பதில் சொல்கிறது. அதில் பெயர் இல்லாத கடைக்காரருக்கு அது அரை நூற்றாண்டு அநீதி. மூவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. மன்னர் 1953இல் சம இடங்கள் கொடுத்துத் தீர்க்கப் பார்த்த கேள்வியும் இதேதான். அவரால் முடியவில்லை, அரியணையும் போனது. ஜனநாயக அரசும் நீதிமன்றமும் அதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த முறை வினாடி வினாவில் "வருமான வரி கட்ட வேண்டாத மாநிலம் எது?" என்று யாராவது கேட்டால் சிக்கிம் என்றே சொல்லுங்கள், மதிப்பெண்ணை விட வேண்டாம். கூடவே "யாருக்கு?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.